அக்காவின் ஆக்சிஜன் மெஷின்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது உண்மை. நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாகக் கரண்டோடு பழகுகிறவன். இணைப்பு இல்லாமல் எதுவும் ஓடாது என்று எனக்குத் தெரியும். அன்று நடந்ததை மறக்க முடியாமல் தவிப்பதும் அதனால்தான்.

என் அக்கா டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நுரையீரல் கெட்டுப்போய், கடைசி ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். இரவும் பகலும் ஆக்சிஜன் மெஷின் ஓடும். அதிலிருந்து வரும் காற்று ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் கொப்பளித்து, குழாய் வழியாக அவள் மூக்குக்குப் போகும். அது போடும் 'புஸ்ஸ்ஸ்... டக்' சத்தத்துக்கு, "என் வீட்டுக்காரர் குறட்டை விடுறார், கண்டுக்காதீங்க" என்பாள். வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலை 5.20. காபி வேண்டுமா என்று கேட்கப் போனேன். அக்காவிடம் அசைவில்லை. மூக்கருகே விரல் வைத்தேன். நாடி பார்த்தேன். எதுவும் இல்லை. கை தானாகப் போய் மெஷினை அணைத்துவிட்டது. அதன் பிறகுதான் டாக்டருக்கே போன் செய்தேன். அவர் ஆறு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்.

எப்போது போயிற்று என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மெஷினை எப்போது நிறுத்தினீர்கள் என்று மனைவி கேட்டபோது, டாக்டர் சொன்ன பிறகுதான் என்று பொய் சொன்னேன்.

அன்றே பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மெஷினின் கொக்கியில் மாட்டினேன். பாட்டில் தண்ணீரைக் கொட்டினேன். அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்க மனம் வரவில்லை.

பத்து நாள் கழித்து என் மனைவி சொன்னாள். "அண்ணி சாமான் எல்லாம் பூட்டின ரூம்ல கிடந்து என்ன ஆகப் போகுது? மூச்சு விட முடியாம எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

அவளே ஒரு அமைப்புக்குப் போன் செய்தாள். இப்படிப்பட்ட பொருட்களை வாங்கி, இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பவர்கள். வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆள் வருவதாகச் சொன்னார்கள். பிரித்த மருந்துகளை மட்டும் எடுக்க மாட்டார்களாம்.

ஞாயிறு மதியம் 2.10. மனைவி கடைக்குப் போயிருந்தாள். பூட்டைத் திறந்தேன்.

நல்ல வெயில் நேரம். ஜன்னல் வழியாக வெளிச்சம் கட்டில்வரை வந்திருந்தது. பிரிக்காத டயப்பர் கட்டு இரண்டு, கையுறைப் பெட்டி ஒன்று, கட்டுத்துணி, சிரிஞ்சுகள்... எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளைத் தனியாக ஒரு பையில் போட்டேன். பதினைந்து நாளைக்கு என்று வாங்கிய மாத்திரையில் ஒன்பது மீதி. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மெஷினைத் துடைக்கப் போனேன்.

பாட்டிலில் தண்ணீர் இருந்தது. கோடு வரைக்கும், நிறைய.

நான் கொட்டியிருந்தேன். நன்றாக நினைவிருக்கிறது.

மனைவி ஊற்றியிருப்பாளோ என்று நினைத்தேன். சாவி என் பையை விட்டு நகரவே இல்லை...

மெஷினின் பக்கவாட்டில் கை வைத்தேன்.

சூடு.

வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெயில் கட்டிலோடு நின்றிருந்தது. மெஷின் இருந்தது நிழல் மூலையில்.

குழாயைச் சுருட்ட எடுத்தேன். மூக்கில் மாட்டும் முனை ஈரமாக இருந்தது. உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆவி மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது. படிந்தது...

யாரோ மூச்சு விடுவது போல.

மணி 2.36.

புஸ்ஸ்ஸ்... டக்.

பின்னால் நகர்ந்தேன். கட்டில் இடித்தது.

புஸ்ஸ்ஸ்... டக்.

வயரைப் பார்த்தேன். கொக்கியில்தான் இருந்தது. பிளக் அந்தரத்தில் தொங்கியது.

பாட்டிலில் குமிழ்கள்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"அக்கா..." என்றேன். "டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்கா. நான்தான் நிறுத்தினேன்."

புஸ்ஸ்ஸ்...

டக் வரவில்லை.

குமிழ் நின்றது.

மணி 2.40.

நான்கு மணிக்கு அமைப்பின் ஊழியர் வந்தார். பிளக்கை மாட்டி ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடுகிறது என்றார். மெஷினின் சர்வீஸ் கார்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வேண்டாம், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது? மூன்றாவது தெருவில் ஒரு தறிக்காரர் இதற்காகவே காத்திருப்பதாகச் சொன்னார். நானே தூக்கி வண்டியில் ஏற்றினேன்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும். அவள், "நீங்க தொட்டுப் பார்க்கறப்ப அண்ணிக்கு உயிர் இல்லைதானே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். சரியாகப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை ஊழியர் போன் செய்தார். தறிக்காரர் நன்றாக இருக்கிறாராம். சாதாரணமாகத்தான் பேசினார்.

"சார், உங்க அக்காவுக்கு அப்புறம் மெஷினை வேற யாருக்காவது வச்சிருந்தீங்களா?"

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டேன்.

எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று மெஷினுக்குள் இருக்குமாம். அக்கா இறப்பதற்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு சர்வீஸ்காரர் வந்து, அதைப் பார்த்துக் கார்டில் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப் போனதும் இவர்களும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் 333 மணி நேரம் கூடியிருக்கிறது.

போனை வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தேன். சர்வீஸ் முடிந்து, நான் அணைக்கும்வரை ஓடியது பன்னிரண்டு மணி நேரம். அதைக் கழித்தேன். மீதி 321.

பதின்மூன்று நாள், ஒன்பது மணி நேரம். திங்கட்கிழமை விடியற்காலையிலிருந்து ஞாயிறு 2.40 வரை.

நான் அணைத்த பிறகு, அது ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.