தடுக்கில் இழைத்த ‘ப’

உலக யுத்தம் ஓய்ந்த பின்னும் கூப்பனுக்கு அரிசி வாங்கும் காலம் ஓயவில்லை. அந்நாளில் குறிஞ்சிப்பிட்டியில், குர்ஆன் ஓதச் செல்லும் பிள்ளை ஒவ்வொன்றும் தான் அமர்வதற்கென ஓர் ஓலைத் தடுக்கைக் கக்கத்தில் இடுக்கிச் செல்லும். உம்மா எனக்கும் மூத்தவளான ராத்தாவுக்கும் ஒரே அளவில் இரண்டு இழைத்துத் தந்திருந்தார். ராத்தா தன்னுடையதை ஒரே மாதத்தில் பிய்த்துவிட்டு, என்னுடையதில் அமரத் தொடங்கினாள். பிய்சல் என் பங்காயிற்று. கேட்டால், “இதில ஒன்ட பேரு எழுதியா கெடக்கு?” என்பாள்.

எழுதிக் காட்டுவதென்று துணிந்தேன். என் பெயரின் முதலெழுத்து ‘ப’. வளைவேயின்றி மூன்று கோடுகளில் முடியும் எழுத்தை எனக்கருளிய பெற்றோரை மனதார வாழ்த்தினேன். சிவப்புச் சாயமேற்றிய ஓலையில் நிமிர்ந்த கீற்று இரண்டு, குறுக்கே ஒன்று. ஒன்றை மேலே எடுத்து, அடுத்ததைக் கீழே அடக்கி, நான்கு நாட்களில் புதிய தடுக்கை இழைத்து முடித்தேன். செருகிய கீற்றின் நுனி மட்டும் எழுத்துக்குக் கீழே சிவப்புப் புள்ளியாய் எட்டிப்பார்த்தது. அதனை நான் பொருட்படுத்தவில்லை. பிய்சலை ஆட்டுக்குப் போட்டுவிட்டு ஓதப் புறப்பட்டேன்.

புதியதையும் பிடுங்க வந்த ராத்தா, அந்தப் புள்ளியைக் கண்டதும் கூவினாள்: “லெப்பே! ‘பே’ எழுத்துக்கு மேல இவள் குந்தப் போறாள்!”

அரபு ‘பே’யும் கிண்ண வடிவந்தான், கீழே ஒரு புள்ளி உண்டு. ஓதும் எழுத்தில் கால் பட்டாலே பிரம்படி விழும். ஓதித்தரும் லெப்பை தடுக்கைக் கையிலெடுத்தார்.

“இது என்ன எழுத்து, புள்ள?”

“ப... என்ட ‘ப’, லெப்பே.”

“ஓம், பே தான். ஓதத் தொடங்குற பிஸ்மிட முதலெழுத்து. ஆரும் இதில குந்தப்படாது” என்றவர், அதனைக் கண்ணில் ஒற்றி, தம் குர்ஆனைத் தாங்கும் பலகையின் கீழே விரித்தார்.

வேறெந்தப் பிள்ளையின் தடுக்கும் எட்டாத இடம்! ராத்தாவின் காதில், “கெலிச்சிட்டேன்” என்றேன். வெறுஞ் சீமெந்தில் சப்பணமிட்டமர்ந்து, எல்லோரிலும் உரக்க ஓதினேன். அவ்வருடம் முழுவதும் அப்படியே நிமிர்ந்து, அந்தக் குளிர்ந்த தரையிலேயே ஓதினேன். உம்மா எனக்கு இழைத்த தடுக்கில் வசதியாய் அமர்ந்திருந்த ராத்தா, என்னைப் பார்க்குந்தோறும் ஏன் சிரித்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.