பத்தில் ஒரு பங்கு குரல்

மின்னணுவியல் படித்தவன் என்பதால், தென்காசியில் எங்கள் தெருக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் வண்டிகளை எங்கள் தெரு வழியே திருப்பி விடுவார்கள். நெரிசலைக் குறைக்க, தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தை மெயின் ரோட்டுக்கு மாற்றச் சொல்லித் தீர்மானம் போடலாமா என்பதே அன்றைய கேள்வி.

மேடைக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று, திரைக்குப் பின்னால் பெண்களுக்கு ஒன்று என மூன்று மைக்குகள். மைக்குகளின் ஒலியைச் சேர்த்துத் தரும் பழைய மிக்சர் பழுதாகிக் கிடந்ததால், ஆப்-ஆம்ப் ஐசி ஒன்றைக் கொண்டு நானே புதிதாகச் செய்தேன். ஆப்-ஆம்ப் தன் இரண்டு உள்ளீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பல்லாயிரம் மடங்கு பெருக்குவது. வெளியீட்டை ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, வழியே எதிர்க்குறி உள்ளீட்டுக்குத் திருப்பி ஊட்டினால் அது அடங்கி, அந்த உள்ளீட்டைச் சுழி மின்னழுத்தத்திலேயே நிறுத்திவைக்கும். அதனால் அந்த ஒரே முனையில் பல மைக்குகளை, ஒவ்வொன்றையும் தனித்தனி ரெசிஸ்டர் வழியே இணைக்கலாம். ஒன்றின் குரல் மற்றொன்றின் பாதையில் புகாது. எல்லாம் சேர்ந்து கூட்டுத்தொகையாக வெளிவரும். அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த ரெசிஸ்டரே முடிவு செய்கிறது. மதிப்பு சிறிதானால் பங்கு பெரிது. மூன்றுக்கும் பத்து கிலோ ஓம் வைத்தேன். சமநீதி என்று உள்ளூர மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

சோதித்தபோது பெண்கள் பக்கத்து மைக் ஊளையிட்டது. ஸ்பீக்கர் அதற்கு மிக அருகில் இருந்தது. ஸ்பீக்கரை நகர்த்தியிருக்க வேண்டும். கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, அந்த ஒரு ரெசிஸ்டரை மட்டும் நூறு கிலோ ஓமாக மாற்றினேன். ஊளை நின்றது. குரலும் பத்தில் ஒன்றாயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து யார் பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதை எழுதவே கை கூசுகிறது.

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அக்கா பேசினார். கணவர் சவுதியில் இருக்கிறார். மகள் காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறவள். நிறுத்தம் மாறினால் அச்சிறுமி சீசன் வண்டிகளுக்கிடையே மெயின் ரோடுவரை நடக்க வேண்டும். திரையை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு அவர் சொன்னது முழுவதும் கேட்டது. கூடத்துக்குக் கேட்கவில்லை.

“ஏம்மா, கூட்டத்துல பேசுதியா, கொசுகிட்ட பேசுதியா?” என்றார் முன்வரிசை அண்ணாச்சி ஒருவர்.

“சவுதிக்குப் போன் பேசுத சத்தத்துல பாதி வந்தாப் போதும்லா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது.

அவர் எவ்வளவு உரக்கப் பேசினார் என்பதைக் கூடத்தில் இருந்தவர்கள் பார்த்தறியவும் திரை இடம் தரவில்லை. ரெசிஸ்டரை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஒலியை நிறுத்தினால், ‘இன்ஜினியர் செஞ்ச பொட்டி படுத்துட்டு’ என்பார்கள். அசையாமல் இருந்தேன். தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் கலைந்தபின் அவரே என்னிடம் வந்தார். “எனக்கு மைக்குல பேசிப் பழக்கமில்ல தம்பி. இனி எல்லாரும் உங்க மைக்கையும் குறை சொல்லுவாங்க.”

“பரவாயில்லக்கா” என்றேன், மன்னிக்கிறவனைப்போல.

நான்கு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ரெசிஸ்டரை விளக்கத் தொடங்கியதும் இடைமறித்தார்.

“அப்ப என் தொண்டையில கோளாறு இல்ல?”

“இல்லக்கா. நான்தான் குறைச்சு வெச்சேன்.”

“இத இங்கன வந்து என்கிட்ட சொல்லுதீங்களே! சிரிச்சவங்க அங்கனல்லா இருக்காங்க?”

அன்று மாலை கூட்டத் தலைவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கி, அடித்தேன். ‘பெண்கள் பக்கத்து மைக்கின் ஒலியை நான் குறைத்து வைத்திருந்தேன். தீர்மானத்தை மறுபடி விவாதிக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் படித்துப் பார்த்து, “சீசன் முடியட்டும், பாப்போம்” என்றார்.

நிறுத்தம் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. காலையில் அந்த அக்கா மகளின் கையைப் பிடித்தபடி, கார்களுக்கிடையே ஓர் இடைவெளி விழுவதற்காகக் காத்து நிற்கிறார். நான் வேறு தெரு வழியாக வேலைக்குப் போகிறேன்.