இங்கன வராதீங்க

செய்தி கோமதியின் எண்ணிலிருந்தே வந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவள் பெயரைத் திரையில் பார்த்ததும், அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷமாகத் திறந்தேன். "அக்கா காலையில தவறிட்டா" என்று அவள் தம்பி அனுப்பியிருந்தான். அன்றிலிருந்து போனில் யார் பெயர் வந்தாலும் உடனே திறப்பதில்லை.

பக்கத்துப் பண்பொழி ஊர்க்காரி. கூட வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவள் வாய் தெரியும். குழுவாகச் சேர்ந்து ஒலிச் செயலி உருவாக்கும் போட்டிக்கு எங்கள் பெயரைக் கொடுத்தவளும் அவள்தான். கண் தெரியாதவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு குற்றாலத்தில் தனியாக நடக்க வேண்டும். போக வேண்டிய திசையிலிருந்து ஒரு குரல் அழைக்கும். ஆள் எப்படித் திரும்பினாலும் குரல் தன் இடத்திலேயே நிற்கும்.

நான் 'வலப்புறம் திரும்பவும்' என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். சிரித்தாள். "ஏட்டி, வலதும் இடதும் எதுக்கு? சத்தம் எங்கன இருந்து வருதோ அங்கன ஆளு தானா போவும்." 'இங்கன வாங்க' என்று தன் குரலிலேயே பதிந்தாள். வழுக்குப் பாறைப் பக்கமிருந்து மட்டும் 'இங்கன வராதீங்க' என்று கேட்கும். நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

சோதித்துப் பார்க்க அருவிக்கரைக்குப் போனோம். துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு அவளே நடந்தாள். அருவி இரைச்சல் கூடியதும் சட்டென்று பாறைப் பக்கம் திரும்பினாள். கத்தினேன், காதில் விழவில்லை. ஓடிப்போய் இழுத்ததில் இரண்டு பேரும் ஈரத்தரையில் விழுந்தோம். கட்டை அவிழ்த்தபோது அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"'இங்கன வ'ன்னு மட்டுந்தான் கேட்டுச்சு, 'வா'ன்னு நெனச்சுட்டேன். மிச்சத்தத் தண்ணிச் சத்தம் முழுங்கிட்டு. ஏட்டி, என் சத்தமே என்னையக் கூப்பிடுது."

அவள் பயந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "மாத்திருதேன்" என்றாள். அதற்குள் காய்ச்சல்.

குழுவில் எல்லோரும் அவள் குரலை அப்படியே விடச் சொன்னார்கள். "அவ ஞாபகமா இருக்கட்டும்க்கா" என்று ப்ரோகிராம் எழுதும் ஜெபராஜ் அழுதான். எனக்கும் ஆசைதான். ஆனால் யாரோ ஒருவர், இறந்துபோனவள் கூப்பிடுகிறாள் என்றுகூடத் தெரியாமல் அந்தப் பாறைக்கு நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். 'இங்கன வராதீங்க' என்ற அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது அங்கே என் குரல், 'நில்லுங்க'. பாதியில் அறுந்தாலும் அது 'நில்'தான்.

எடுத்த பதிவை என்னிடமே வைத்திருக்கிறேன். கோமதியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். நேற்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் கேட்டேன். இரைச்சல் இல்லாததால் முழுதாகக் கேட்டது. ஒருநாளும் என்னை 'ங்க' போட்டுப் பேசாதவள், முதுகுக்குப் பின்னால் நின்று மரியாதையாகச் சொன்னாள், இங்கன வராதீங்க என்று. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.