நேற்றைய வெயிலில் காய்ந்த தண்ணீர்

ஸ்ரீரங்கத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மாடியில் இருந்தார். பளிச்சென்று திருமண், எந்நேரமும் ஈர வேட்டி. மொட்டைமாடியில் மகன் போட்டுக்கொடுத்த சோலார் ஹீட்டர் இருந்தும், மார்கழியில் விடியுமுன் காவேரியில் முங்கிவிட்டுத்தான் வருவார். வெந்நீர் முழுவதும் கீழ்வீட்டுக்காரனான எனக்கே. நானும் ராஜா மாதிரி குளித்தேன்.

ஒருநாள் அவர் பற்கள் தந்தியடிக்க வந்து நின்றார். மனசு கேட்காமல் வாயைத் திறந்தேன்.

"மாடியிலயே வெந்நீர் இருக்கே மாமா?"

"அது நேத்து வெயில்ல காய்ஞ்சது, ஓய். ராத்திரி தங்கினா பழையதாச்சே! மடிக்கு ஆகாது."

"காவேரி மட்டும் இன்னிக்கா கிளம்பினா? குடகுலேர்ந்து எத்தனை ராத்திரி தங்கி வராளோ!"

ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார். "வாஸ்தவம்தான்" என்றார்.

மறுநாள் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். பனிக்கட்டியாகக் கொட்டியது. மாடிக் குளியலறையில் அவர் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டு, பாசுரத்தை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

வாசலில் என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "ஏன் ஓய் இப்படி நடுங்கறீர்? நீரும் சோலார்லயே குளிக்கப்படாதோ? சுகமா இருக்கு!"

அவ்வளவு அக்கறையாகக் கேட்டார். தெரியாமல்தான் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.