ஏழிலைக் கிளை

ரோஜாச் செடிக்கு முட்டுக்கொடுத்திருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கித்தான் அவனை அடித்தேன். முதல் ரெண்டு அடி தோளில். மூன்றாவதைத் தடுக்க வலது கையை நீட்டினான், விரல்களில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். அடிபடும்போது அவன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும்.

அவன் என் வீட்டு மாடியில் குடியிருந்தவன். டைல்ஸ் போடுகிற வேலை. பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. எனக்கு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், ஜன்னல் எல்லாம் செய்கிறேன். நான் கை நீட்டுகிற ஆள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். பட்டறைக்கு வேலைக்கு வந்தவர்களில் ஒரு வருஷம் தாண்டி நின்றவர் கிடையாது.

வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில். கேட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் சிமென்ட் பூசாமல் விட்ட இடம் ரெண்டடி அகலம், ஓர் ஆள் நீளம் இருக்கும். அதுதான் என் தோட்டம். அதில் நர்சரி வண்டியில் வாங்கிய ஒட்டு ரோஜா ஒன்று. கருஞ்சிவப்பு, ஒரு காம்புக்கு ஒரே பூ. பொக்கேயில் செருகுகிற ரோஜா மாதிரி வெறும் அழகு கிடையாது, வாசனை உண்டு. விடிந்ததும் மாடிப்படி முழுக்க ஏறி நிற்கும். ஊரை ஒட்டிய மலை சூடேறி அனலடிக்க ஆரம்பித்ததும் போய்விடும். அந்த மூன்று மணி நேரத்துக்காக நான் செய்யாத அட்டூழியம் இல்லை.

பெண்டாட்டி தலையில் வைக்க ஒரு பூ பறிக்கக் கூடாது. குரங்குகளுக்குக் கவண் வைத்திருந்தேன். ஒன்றுக்குக் கண்ணே போய்விட்டது. அதற்குப் பிறகும் அது ஒற்றைக் கண்ணோடு சுவர்மேல் வந்து உட்காரும், நானும் மறுபடி கல்லை எடுப்பேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வண்டி நிறுத்த இடம் தேடி எங்கள் தெருவுக்குள் நுழையும். ஒரு தடவை வெளியூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டுக்கு மேலாகக் கையை விட்டு ஒரு மொட்டைப் பறித்துவிட்டு, சாமிக்குத்தானே என்றார். சாமி பேரைச் சொல்லிவிட்டால் யார் வீட்டுப் பூவையும் பறிக்கலாம் என்றுதான் இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். அவர் மணிக்கட்டைக் கேட்டுக் கம்பியில் வைத்து முறுக்கினேன். மொட்டு கீழே விழுந்த பிறகும் விடவில்லை. கூட வந்த அம்மா அழுத பிறகுதான் விட்டேன்.

இத்தனைக்கும் செடியின்மேல் கத்தி வைக்க எனக்கு மனசு வராது. மழை முடிந்ததும் ரோஜாவைக் கவாத்து செய்ய வேண்டும், பாதிக்குப் பாதி வெட்டித் தள்ள வேண்டும் என்பார்கள். நான் ஓர் இலையைக் கிள்ளமாட்டேன். மனிதனை அடிக்கக் கூசாத கை செடி என்றால் கூசியது. இதைச் சொல்லிச் சொல்லிப் பெண்டாட்டி சிரிப்பாள். அதில் சிரிப்பு கம்மிதான்.

செடி வைத்த ரெண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் செடியின் அடியிலிருந்து ஒரு குருத்து கிளம்பியது. ரெண்டே வாரத்தில் முழங்கால் உயரம் வந்துவிட்டது. பச்சைப் பசேலென்று, முள்ளே இல்லாமல். டீத்தூளும் முட்டை ஓடும் மீன் கழுவின தண்ணீரும் போட்டு வளர்த்ததற்குக் கிடைத்த பலன் என்று பூரித்துப்போனேன். பட்டறையிலிருந்து கம்பி கொண்டுவந்து அதற்கு முட்டுக்கொடுத்தேன்.

மாடியில் இருந்தவன் காலையில் படியில் உட்கார்ந்து டீ குடிப்பான். பூ விரிந்த நாட்களில் டம்ளர் காலியான பிறகும் எழுந்திருக்க மாட்டான். கல்யாணத்துக்கு முன்னால் ஓசூர் பக்கம் ரோஜாச் செடி ஒட்டுக்கட்டுகிற வேலை பார்த்தவனாம். குருத்தைப் பார்த்ததும் இறங்கி வந்து, விரல் வைத்து இலையை எண்ணினான்.

"அண்ணா, இது ரோஜா இல்ல. ஒட்டுக்குக் கீழ இருந்து வருது, ரோஜாவ ஒட்டுக்கட்டியிருக்கற வேர்ச்செடியோட கிளை. ரோஜாவுக்கு அஞ்சு இலை, இதுல ஏழு இருக்குது பாருங்க. இத உட்டா மேல இருக்கறத கொன்னுடும். வெட்டிடுங்கணா."

டைல்ஸ் போடுகிறவன் டைல்ஸைப் பார் என்றேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன், அவற்றை எழுத முடியாது.

பிறகு என் பெண்டாட்டியிடம் சொல்லி அனுப்பினான். சாப்பிடும்போது அவள் அதைச் சொன்னாள். தட்டைத் தள்ளினேன், சாம்பார் சுவரெல்லாம் தெறித்தது. அவனுக்கு வயிற்றெரிச்சல், என் செடி தழைப்பது பொறுக்கவில்லை என்று மாடிக்குக் கேட்கும்படி கத்தினேன். கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அவனே ஒரு கத்தரியோடு வந்தான். ஒரு நிமிஷ வேலை, தானே வெட்டித் தருவதாகச் சொன்னான். கத்தரியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

அதற்குள் மேலே இருந்த கிளைகள் மஞ்சளாகிவிட்டன. வந்த ஒரே மொட்டும் விரியாமல் தலை தொங்கிப்போனது. துணி துவைத்த தண்ணீரை அவன் மேலிருந்து ஊற்றுகிறான் என்று நானாகவே முடிவுகட்டினேன்.

மார்கழியில் ஒரு காலை குளித்துவிட்டு வெளியே வருகிறேன், செடிக்குப் பக்கத்தில் அவன் குந்தியிருக்கிறான். ஒரு கையில் காய் நறுக்கும் கத்தி. மறு கையில் என் குருத்து, அடியோடு அறுத்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பெண்டாட்டி ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவளையும் முழங்கையால் இடித்தேன், உதடு கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் படியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். என் வீட்டில் குடியிருந்துகொண்டு வேறு என்ன சொல்வான் என்று இப்போது புரிகிறது. அப்போது, தப்பு செய்யாதவன் எதற்கு மறைக்கிறான் என்று தெருவில் கேட்டுக்கொண்டு திரிந்தேன். பொங்கலுக்கு முன்னால் காலி செய்துகொண்டு போனார்கள். கட்டுப் போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சாமான்களை இறக்கினான். நான் கேட்டைக்கூடத் திறந்துவிடவில்லை.

வெட்டின இடத்தில் குருத்து மறுபடி வந்தது, இந்தத் தடவை ரெண்டாக. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். கோடையில் மேலே இருந்த செடி கறுத்து ஒடிந்தது. கீழே கிளம்பியது சுவரைத் தாண்டியது. அடுத்த தை மாதம் அதில் சுண்டைக்காய் அளவில் வெள்ளைப் பூக்கள் கொத்துக்கொத்தாக வந்தன. மூக்கை வைத்துப் பார்த்தேன். அந்த வாசனை இல்லை. அந்தப் பாவி எதையோ ஊற்றிக் கொன்றுவிட்டான் என்றேன்.

நர்சரி வண்டி வந்தபோது ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். வண்டியிலிருந்த அம்மா அதை வாங்கி, அவன் எண்ணின மாதிரியே விரல் வைத்து எண்ணினாள்.

"இது வேர்ச்செடிங்க. ரோஜாவ எப்பவோ தின்னுடுச்சு. இத வெட்டணும்னு உங்களுக்கு யாருமே சொல்லலயா?"

வீட்டுக்கு வந்து கையாலேயே மண்ணைத் தோண்டினேன். அடியில் தடித்த ஒரு முடிச்சு, ஒட்டுக் கட்டின இடம். அதற்கு மேலே கரிக்கட்டை. கீழே பச்சை. இதைத் தெரிந்துகொள்ள ஓசூரில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை, ஒரு தடவை குனிந்திருந்தால் போதும். வெட்கமாக இருந்தது. பெண்டாட்டி பின்னால் வந்து நின்று பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அவன் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். டைல்ஸ் வேலை போய்விட்டதாம். கூட்டம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. என்னைக் கண்டதும் ஓர் எட்டு பின்னால் போனான். வலது கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டான். பிறகு இடது கையால் டீ போட்டு என் முன்னால் வைத்தான். வலது கையில் ரெண்டு விரல்கள் மடங்கவே இல்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தேன். பழைய புத்திதான் வெளியே வந்தது.

"அன்னிக்குக் கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம் இல்ல?"

"மூணு தடவ சொன்னேன்ணா," என்றான். "நாலாவது தடவயும் சொன்னேன். அப்ப நீங்க அடிச்சிட்டு இருந்தீங்க."

அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அவன் மறுபடியும் ஓர் எட்டு பின்னால் போனான்.