வயிற்றில் அடி படவில்லை

“...வயித்துல ஒரு அடி கூட படல டாக்டரம்மா. அந்த விஷயத்துல நான் ரொம்ப ஜாக்கிரத. கன்னத்துல, முதுகுல, அவ்ளோதான். புள்ளைய நான் தொட்டதே இல்ல” என்றான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன்.

பெருமையாகத்தான் சொன்னான். மனிதர்கள் வாயிலிருந்து விழும் சொற்களைப் பொறுக்கி மனசில் போட்டுக்கொள்வது என் பழக்கம். சிலது இனிக்கும், தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். இது மட்டும் மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

நான் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி கேட்டுக்கு எதிரே நாஷ்டா கடை போட்டு இட்லி, தோசை விற்கிறவள். அவன் இரும்பு உருக்கும் கம்பெனியில் உலைக்கு முன்னால் நிற்கிறவன். லைன் வீட்டில் எங்களுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவன் பெண்டாட்டி பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். வந்த புதிதில் அவள் சிரித்தால் என் வீட்டில் கேட்கும். வயிற்றில் குழந்தை தங்கிய பிறகு அலறல்தான் கேட்டது. காரணம் என்று ஒன்று வேண்டுமா? குழம்பில் உப்பு, அம்மாவோடு போனில் பேசியது, கரண்ட் போனது, எதுவானாலும் அடிதான்.

ஒரு நாள் அவள் தலை சுவரில் மோதிய வேகத்தில் என் பக்கத்து ஆணியில் இருந்த சாமி படம் விழுந்து நொறுங்கியது. தோசைக் கரண்டியோடு ஓடினேன்.

“த பாரு நைனா, இன்னொரு தபா கை வெச்சே, இத காய்ச்சி உனக்குச் சூடு வெச்சிடுவேன்.”

“நீ உன் இட்லிய பாருக்கா. இது எங்க ஊட்டு மேட்டரு.”

அவள் உதட்டிலிருந்து ரத்தம் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாசம் லைன் வீட்டுப் பெண்கள் நாங்களே சேர்ந்து வளையல் அடுக்கினோம். கை அசைந்தால் உள்ளே இருக்கிற குழந்தைக்கு அந்தச் சத்தம் கேட்கும் அல்லவா? “டான்ஸ் ஆடிகினே வெளிய வரும் பாரு” என்றாள் ஒருத்தி. அன்று அவள்கூடக் கொஞ்சம் சிரித்தாள். அந்த வாரமே, நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்திருந்தவன் எழுந்து, “தூங்க உடாம இன்னாடி கலகலன்னு?” என்று அவள் இரண்டு கையையும் பிடித்துச் சுவரில் அடித்தான். மணிக்கட்டில் ஏறியிருந்த கண்ணாடிச் சில்லுகளை நான்தான் பிடுங்கினேன். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு அழுததே இல்லை. சோற்றைப் பிசைந்தபடி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தூக்கமும் போயிற்று.

“கொழந்த உள்ள கீதான்னே தெரியலக்கா. நான் கீறனான்னும் தெரியல” என்றாள் ஒரு தரம்.

பிறந்தது பெண் குழந்தை. எடை குறைவு. மாசங்கள் போயும் மூடிய முஷ்டி பிரியவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு தட்டு கீழே விழுந்த சத்தம் போதும், வில்லாக வளைந்து, மூச்சு நின்றுவிடும்போல் வீறிடும். எங்களுக்கு என்ன தெரியும்? அழுகையை நிறுத்த ஆளுக்கொரு பக்கம் வளையலைக் குலுக்கினோம். அது இன்னும் விறைத்தது. பெரியபாளையத்து அம்மன் குங்குமம் வைத்தும் பார்த்தோம். அவனும் தவித்தான், பொய் சொல்லக் கூடாது. மகள் என்றால் அவனுக்கு உயிர். லீவு போட்டு எங்களைப் பொன்னேரிக்கு, குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனது அவன்தான்.

டாக்டரம்மா குழந்தையின் கை காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். அப்புறம் தாயின் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தார். “மாசமா இருக்கும்போது அடிச்சியா?” என்று அவர் கேட்டதற்குத்தான் அவன் அப்படிப் பெருமையாகப் பதில் சொன்னான்.

“வயித்துல படலன்னா கொழந்தைக்குப் போகலன்னு அர்த்தமில்லப்பா” என்றார் டாக்டர். “தாய் ராப்பகலா பயந்துகிட்டே இருந்தா, அவ உடம்புல ஊறுறது ரத்தத்தோட கொழந்தைக்கும் போகும். மூளை வளர்ற நேரம் அது. வெளிய ஆபத்து இருக்குன்னு உள்ளயே கத்துக்கிட்டுப் பொறந்திருக்கலாம். இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல, இன்னும் டெஸ்ட் எடுக்கணும். ஆனா தேத்தலாம். வீடு அமைதியா இருக்கணும். இவங்களுக்கும் வைத்தியம் பாக்கணும். இவங்க தூங்கினாத்தான் கொழந்தை தேறும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆள் திருந்திவிட்டான் என்றே நினைத்தேன். வெளி வராந்தாவுக்கு வந்து அவள் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

“அப்ப நீ பயந்ததாலதான் எம் பொண்ணு இப்டி கீது. இன்னாத்துக்குடி பயந்த? நான் இன்னா புலியா, சிங்கமா?”

கேட்டு முடிக்கும் முன்பே அறைந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவள் மடியிலிருந்த குழந்தை சத்தமே இல்லாமல் விறைத்தது. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்னை உதறிய வேகத்தில் என் முழங்கை சுவரில் பட்டுத் தோல் கிழிந்தது. அதற்குள் இரண்டு ஆம்பிளைகள் அவனை மடக்கிக்கொண்டார்கள்.

அவள் எழுந்தாள். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது.

“அக்கா, பழவேற்காடு பஸ்சு எங்க நிக்கும்?”

“துணிமணி?”

“இது மட்டும் போதும்” என்று குழந்தையைக் காட்டினாள்.

நானும் கூடவே ஏறினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு அவன் ஓடி வந்துவிட்டான்.

“எறங்குடி! எம் பொண்ண குட்த்துட்டு நீ எங்கனா போ!” பஸ்ஸின் தகரத்தைத் தட்டினான். பிறகு குரல் உடைந்து, “ஒரே தபா மூஞ்சியயாவது காட்டு” என்றான்.

அவள் திரும்பவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. ரோட்டோரம் கொட்டியிருந்த ஜல்லியில் அவன் குனிந்தான். கைக்கு வந்த முதல் கல்லைப் போட்டுவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றை எடுத்து, மகள் இருந்த ஜன்னலைக் குறிபார்த்து எறிந்தான்.