என்டர் பட்டனுக்கு வைத்த சந்தனம்

என் வீட்டுக்காரருக்கு மெயின் ஸ்விட்சை இறக்குவதென்றால் கொள்ளை ஆசை. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மெஷின் ஃபிட்டர் அவர். ஆயுத பூஜை என்றால் அங்கே முதலில் மெயினை இறக்கி, தோல் போட்டுச் சுற்றும் டிரம்மெல்லாம் நின்ற பிறகுதான் கற்பூரம் ஏற்றுவார்கள். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கப் போய் யாரும் கையைக் கொடுத்துவிடக் கூடாதே என்று வந்த வழக்கம். எங்கள் வீட்டில் கைக்கு ஆபத்தான மெஷின் மிக்ஸி ஒன்றுதான். ஆனாலும் வீட்டுப் பூஜைக்கும் மெயினை இறக்கினால்தான் அவருக்குத் திருப்தி.

அந்த வருஷமும் இறக்கினார். என் கம்ப்யூட்டர் அப்போது பாதி வழியில் இருந்தது. பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதியதுக்கு மாறு என்று அது பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தது. பூஜையன்று எப்படியும் வேலை இல்லை, சுண்டல் வேகிற நேரத்தில் அதுவும் மாறிக்கொள்ளட்டும் என்று காலையில் சம்மதம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். 'கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்று திரையில் இருந்தது. அதை அவர் படித்தும் இருக்கிறார்.

"நான் எங்க கம்ப்யூட்டர அணைச்சேன்? மெயினதான எறக்கினேன்," என்றார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று சிரிக்க முடியவில்லை. ஷூ கம்பெனியில் நாளெல்லாம் நின்றபடி, தோல் வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைந்து கொடுப்பது என் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் மாடலைப் பார்த்து, அவர்களுடைய ஒல்லிக் கால்களுக்கு வருஷக்கணக்காக வரைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவையாக நானே சொந்தமாக ஒரு செருப்பு வரைந்திருந்தேன். நாளெல்லாம் நின்று வேலை செய்யும் நம் ஊர்ப் பெண்களுக்காக, விரல் பக்கம் அகலமாக. மறுநாள் விஜயதசமி. லீவாக இருந்தாலும் நல்ல நாள், உள்ளூர் வியாபாரிகள் வருகிறார்கள், கொண்டு வந்து காட்டு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கம்பெனியில் வைத்து வரைந்தால் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள் என்று வீட்டிலேயே வரைந்தேன். வேறெங்கும் நகல் இல்லை. வீட்டுக்காரரிடமும் மூச்சுவிடவில்லை. அவர் காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் டேனரி முழுக்கத் தெரிந்துவிடும்.

பூஜை முடிந்து மெயினை ஏற்றியதும் திரை உயிர் பெற்றது. வட்டம் சுற்றியது. நீலமாக ஏதோ ஒரு பட்டியல் மின்னி மறைந்தது. மறுபடி முதலிலிருந்து வட்டம். நான் நாற்காலியை இழுத்ததும் அவர் குறுக்கே வந்தார்.

"பூஜையில வெச்ச சாமான காலைலதான் எடுக்கணும். இன்னிக்கு அதுக்கு ரெஸ்ட்டு."

"நான் வேலை செய்யலங்க. வைத்தியம் பாக்கறேன்."

கொஞ்சம் யோசித்தார். வைத்தியத்துக்குத் தடை இல்லை என்று அவருடைய சாஸ்திரத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும். நகர்ந்துகொண்டார்.

கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குப் போன் போட்டேன். பொரியை மென்றுகொண்டே எல்லாம் கேட்டார்.

"தானா ரீஸ்டார்ட் ஆயினே இருக்குதாக்கா? அப்போ சிஸ்டம் காலி. ஃபார்மேட் போட்றலாம்."

"போட்டா என் ஃபைலு?"

"அதுவும் போய்டும்க்கா."

தம்பிக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. மவுஸ், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரு தடவை கழற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னார். கழற்றினேன். வட்டம் சுற்றி, நீலப் பட்டியல் வந்தது. இந்த முறை மறையாமல் நின்றது. அதில் 'முந்தைய பதிப்புக்குத் திரும்பு' என்று ஒரு வழியும் இருந்தது. ஆனால் தேர்ந்தெடுக்கக் கீபோர்டு வேண்டுமே. மாட்டினேன். மாட்டிய கணத்தில் பட்டியல் ஓடிப்போனது.

அப்போதுதான் கீபோர்டை உற்றுப் பார்த்தேன். பூஜையில் என் வீட்டுக்காரர் சின்ன எழுத்துகளை விட்டுவிட்டு, பெரிய பட்டன்களுக்கெல்லாம் மரியாதை செய்திருந்தார். அதிலும் என்டர் பட்டனுக்கு டிரம்முக்கு வைக்கிற அளவு சந்தனம். பன்னீர் ஜாஸ்தியாகி உள்ளே வழிந்து, காய்ந்து, பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டியல் வந்த உடனே, முதல் வரியில் இருந்த 'ரீஸ்டார்ட்'டுக்கு அதுவே ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"உங்க பக்திதாங்க உள்ள மாட்டிக்கிச்சி," என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. பட்டனை நெம்ப உட்கார்ந்தார். அவருடைய ஸ்க்ரூடிரைவரும் பூஜையில் இருந்தது. அதை எடுக்க மனசு வரவில்லை. என் புடவைப் பின்னை வாங்கி, பட்டனைக் கழற்றி, ஈரத்துணியால் பொறுமையாகத் துடைத்துக் கொடுத்தார். நான் 'திரும்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுண்டல் ஆறியது. அவர் மெயின் ஸ்விட்ச் பக்கம் கூடத் திரும்பவில்லை.

ஒருவழியாகப் பழைய சிஸ்டம் வந்தது. ஃபைலைத் திறந்தேன். என் செருப்பு ஒரு கோடு குறையாமல் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது எந்த ஊரு மாடலு?" என்றார் குனிந்து பார்த்து.

"என்னுது. நானே போட்டது. நாளைக்குக் காட்டணும்."

"முன்னாடி இன்னா இவ்ளோ அகலம்?"

"நாள் பூரா நின்னா காலு வீங்கிடும். கடைல வாங்கற செருப்பு எல்லாம் சுண்டு வெரல கடிக்கும். என் கால வெச்சித்தான் அளவு எடுத்தேன்."

டேனரி முழுக்கச் சொல்லப் போகிறேன் என்று துள்ளுவார் என எதிர்பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் இருந்த என் காலைப் பார்த்தார்.

"உனக்கு காலு வலிக்குமா?" என்றார்.

கல்யாணமான நாளாக அவர் அப்படிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"வலிக்கும்ங்க," என்றேன்.